கடைமடை நாற்காலியில் ஓர் ஐரிஷ் பாட்டு

1

முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அயர்லாந்தில் ஒரு பையன் வீட்டில் சம்பந்தம் பேசுவதற்கு முன்னால், பெண்ணின் அப்பனைக் கூப்பிட்டு நடுக்கூடத்தில் உட்காரவைத்து, அந்த நாட்டுப் பாட்டு ஒன்றைப் பாடச் சொல்லிச் சோதிப்பார்கள் என்று நான் நம்பினேன். சும்மா நம்பவில்லை. ஐம்பது தாண்டிய வயதில் கிட்டார் வாங்கி, இடது கை விரல் நுனிகள் எல்லாம் கருவாடாகிப் போகும் அளவுக்கு நம்பினேன்.

இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ஏமாற்றவும் இல்லை. முழுக்க முழுக்க என் சொந்த உற்பத்தி.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், போன வாரம் திருக்காட்டுப்பள்ளியிலிருந்து பேசிய உறவுக்காரர் ஒருவர், "என்னப்பா, சாராயக்கடையில பாட்டுப் பாடிப் பொழைக்கிறியாமே, வேலை போயிருச்சா?" என்று துக்கம் விசாரித்தார். அதற்கு முந்தின வாரம் இன்னொருவர், மாப்பிள்ளை வீட்டார் வரதட்சணையாகக் கிட்டார் கேட்டார்களாமே என்றார். இனியும் விட்டால் நான் கிட்டாரோடு நாடு கடத்தப்பட்டேன் என்று வரும். அதனால் நடந்ததை நானே எழுதிவிடுவது நல்லது.

தெரியாதவர்களுக்கு: என் மனைவி வசந்தி இங்கே அயர்லாந்தின் மேற்குப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தவன் நான். அதே ஆஸ்பத்திரி ஸ்டோரில் கையுறைப் பெட்டியும் பஞ்சும் எடுத்துக் கொடுக்கிறேன். மகள் இந்து இங்கே வரும்போது நான்காம் வகுப்பு. இப்போது பிசியோதெரபிஸ்ட். சாப்பாடு கேட்கத் தமிழும் சண்டை போட ஆங்கிலமும் வைத்திருக்கிறாள். அவளுக்கு ஒரு பையன் சிநேகிதம். பெயர் ஓவன். பால்பண்ணைக் குடும்பம். நல்ல பையன். வீட்டுக்கு வந்தால் ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடிப்பான்; குடித்த பிறகு காது சிவக்கும்; இன்னொரு டம்ளர் கேட்பான்.

2

ஒருநாள் ஓவனின் அம்மா மைரேட், வசந்திக்குப் போன் செய்தார். பேசி முடித்துவிட்டு வசந்தி என்னிடம் வந்தாள்.

"இந்த மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை அவங்க வீட்டுக்கு வரச் சொல்றாங்க. நாம மூணு பேரும்."

"எதுக்கு?"

"சாப்பாடு. அவங்க சொந்தக்காரங்கல்லாம் வருவாங்களாம். பாட்டெல்லாம் இருக்குமாம். ஆளுக்கு ஒரு பாட்டு கொண்டுட்டு வரணுமாம்."

அவள் முகம் சரியில்லை. அவ்வளவுதான், எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அதாவது, விளங்கிவிட்டது என்று நினைத்தேன்.

என் மூளை எப்படி வேலை செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் கரண்டு பில் காட்டாமல் எதுவும் கிடைக்காது. நூலகத்தில் உறுப்பினர் ஆக கரண்டு பில். வங்கிக் கணக்குக்கு கரண்டு பில். கரண்டு இணைப்புக்கே கரண்டு பில் கேட்டு என்னை ஒரு மாதம் அலைய விட்டவர்கள் இவர்கள். கார் ஓட்ட எழுத்துத் தேர்வு, கண் தேர்வு, ஓட்டிக் காட்டும் தேர்வு. ஒரு நூலக அட்டைக்கே இத்தனை அத்தாட்சி கேட்கிறவர்கள், வளர்த்து ஆளாக்கிய பையனை மட்டும் சும்மாவா தூக்கிக் கொடுப்பார்கள்?

அப்புறம் என் சொந்த அனுபவம். வசந்தியைப் பெண் பார்க்கக் கீழ்வேளூர் போனபோது, என் பெரியப்பா வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே, "பொண்ணு ஒரு பாட்டு பாடட்டுமே" என்றார். வசந்தி இரண்டு வரி பாடி நிறுத்தினாள். "அடுத்த வரி மறந்துபோச்சு. மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சா எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க" என்றாள். நான் கேசரித் தட்டைப் பார்த்தேன். அந்தப் பார்வையை அவள் இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு நடித்துக் காட்டுவாள்.

ஆகவே பெண் பார்க்கப் போகும் வீட்டில் பாட்டு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். இங்கே எல்லாம் தலைகீழ். காரில் ஸ்டியரிங் மட்டும்தான் நம் ஊர் மாதிரி. அங்கே பெண்ணைப் பாடச் சொல்வோம், இங்கே பெண்ணின் அப்பனை. கணக்கு நேராக வந்தது.

மறுநாள் ஸ்டோரில் டெக்லனைப் பிடித்தேன். டெக்லன் எங்கள் ஆஸ்பத்திரியில் கட்டில் தள்ளுகிறவர். சனிக்கிழமைகளில் கிட்டார் வாசிப்பவர். நான் சம்பந்தம், சோதனை என்றெல்லாம் உடைத்துச் சொல்லவில்லை. "ஒரு வீட்டுல பாட்டு கொண்டு வரச் சொன்னா என்ன அர்த்தம்?" என்று மட்டும் கேட்டேன்.

"அந்த மாதிரி வீட்டுல ஒருத்தர் பாடி முடிச்சதும் அடுத்த ஆளை அவரே பேர் சொல்லிக் கூப்பிடுவாரு. கூப்பிட்டா பாடணும்."

"மாட்டேன்னு சொன்னா?"

டெக்லன் யோசித்தார். "ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஆனா ஞாபகம் வெச்சுக்குவாங்க."

அப்படியே நம் ஊர் சம்பந்தி வீடு!

3

பழைய சாமான் கடையில் ஒரு கிட்டார் கிடைத்தது. முன்னால் வைத்திருந்த யாரோ அதில் கரடி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். உரிக்கப் பார்த்தேன். கரடியின் உடம்பு வந்தது, தலை வரவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில், பஞ்சுப் பெட்டிகளுக்கு நடுவே டெக்லன் பாடம் எடுத்தார். ஜி, சி, டி என்று மூன்று கார்டு, அதாவது சுரக் கூட்டு. மூன்று விரலை மூன்று கம்பியில் வைத்து ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். என் விரல்கள் ஒன்றையொன்று முன்பின் தெரியாதவை போல நடந்துகொண்டன. ஒன்றை உட்காரவைத்தால் இன்னொன்று எழுந்து போகும்; பந்தியில் குழந்தைகளை உட்கார வைப்பது போல. அப்புறம் எஃப் என்று ஒரு கார்டு இருக்கிறது. ஆள்காட்டி விரலை எல்லாக் கம்பிக்கும் குறுக்கே படுக்கப்போட்டு அழுத்த வேண்டும். அதை வாசித்துவிட்டுச் சிரிக்கும் மனிதனை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஐரிஷ் பாட்டுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். வார்த்தை இல்லாத மெட்டு என்றால் குதியோ குதி என்று குதிக்கும். தகரக் கூரையில் ஐப்பசி மழை மாதிரி. தகிட தகிட என்று தொடையில் தட்டிக் காட்டினேன். டெக்லனுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் வார்த்தை வந்துவிட்டால் போதும், பாட்டில் யாராவது சாகிறார்கள். சாகவில்லை என்றால் கப்பல் ஏறுகிறார்கள். அதுவும் இல்லை என்றால் மாடு விற்ற காசைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போகப் பயந்து நிற்கிறார்கள். கடைசி வகை எனக்கு உடனே புரிந்தது. அதில் எங்கள் தெருவே இருந்தது.

டெக்லன் மூன்று பாட்டு காட்டினார். ஒன்றில் ஒருவனைத் தூக்கில் போடுகிறார்கள்; நல்ல காரியத்துக்கு ஆகாது. இரண்டாவது, மாட்டுக்காசுக் குடிகாரன். பால்பண்ணை வீட்டில் பாடினால் வேண்டுமென்றே பாடியது போல இருக்கும். மூன்றாவதில் ஒரு பெண் கடல் தாண்டிப் போகிறாள், அவள் அப்பன் கரையில் நிற்கிறான். அதில் எஃப் கிடையாது.

"இதுதான்" என்றேன்.

"கொஞ்சம் சோகமான பாட்டு" என்றார் டெக்லன்.

"எஃப் வருதா?"

"வரலை."

"அப்போ சோகம் இல்லை."

டெக்லன் எனக்கு ஓயாமல் சொன்னது ஒன்றுதான்: கிட்டார் பாட்டுக்குப் பின்னால் போகணும், முன்னால் ஓடக்கூடாது. என் கதை வேறு. பாட்டு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போதே நான் பஸ் ஏறிவிடுவேன். பயத்துக்கு அப்படி ஒரு வேகம்.

வீட்டில் காலையும் மாலையும் சாதகம். பக்கத்து வீட்டு நாய் முதல் வாரம் ஊளையிட்டது. இரண்டாம் வாரம் அதுவும் விட்டுவிட்டது. சாதாரணமாக வசந்தி வாயைத் திறந்தால் என் சட்டைப் பொத்தான் வரைக்கும் விமர்சனம் உண்டு. இப்போது சமையலறையில் சத்தமில்லாமல் நின்றாள். பாவம், என்னை நினைத்துத்தான் பயப்படுகிறாள் என்று நினைத்தேன். இன்னும் வேகமாகச் சாதகம் செய்தேன்.

ஒரு சாயங்காலம் இந்து கதவோரம் வந்து நின்றாள்.

"அப்பா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"பாட்டுல உச்சரிப்பு தப்பா?"

"அதுவும் தப்புதான். ஆனா இது வேற."

"இரும்மா. விரல் இப்பத்தான் உட்காந்திருக்கு. எழுந்துட்டா மறுபடி அரை மணி நேரம் ஆகும். அப்புறம் சொல்லு."

"நீ எதுக்குப்பா இவ்ளோ கஷ்டப்படுறே?" என்றாள்.

"எல்லாம் உனக்காகத்தான்" என்றேன். கண் கலங்கிவிட்டாள். ஆஹா, பெண் புரிந்துகொண்டாள் என்று எனக்கு ஒரே பெருமிதம்.

4

ஞாயிறு நெருங்க நெருங்க எனக்கு இன்னொரு கவலை வந்தது. வெறுங்கையோடு எப்படிப் போவது? வசந்தியின் தம்பி தங்கராசுக்குப் போன் போட்டேன். திருக்காட்டுப்பள்ளியில் உரக்கடை வைத்திருக்கிறான். ஊரில் எந்த வீட்டு விசேஷத்துக்கும் தட்டு வரிசையை எண்ணிச் சரிபார்ப்பவன் அவன்தான்.

"சொல்லுங்க மச்சான்."

"மாப்ள, இந்துவுக்குப் பேச்சு ஆரம்பிக்குது. பையன் வீட்டுல கூப்பிட்டிருக்காங்க."

"அடடே! பையன் பேரு?"

"ஓவன்."

"ரொட்டி சுடுறதா?"

"பேருடா. தட்டு எத்தனை வெக்கிறது?"

"இருங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்கதானே மொதல்ல தட்டு எடுத்துட்டு வரணும்? நாம ஏன் எடுத்துட்டுப் போறோம்?"

"இங்க எல்லாம் தலைகீழு மாப்ள. என்னையப் பாடச் சொல்லியிருக்காங்க."

"உங்களையா? அப்போ தட்டை ஏழா வெச்சிருங்க மச்சான். அஞ்சு பத்தாது."

ஏழு தட்டு. தேங்காய், வாழைப்பழம், ஆப்பிள், வெற்றிலை பாக்கு, கல்கண்டு, பூ, மைரேட்டுக்கு ஒரு பட்டுப்புடவை. வெற்றிலைக்காக டப்ளின் போய் வந்தேன். போக வரப் பாதி நாள் ஆயிற்று. கடைக்காரர் அதை மருந்து மாதிரி அலமாரிக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார்.

தட்டுகளுக்குக் கண்ணாடிக் காகிதம் சுற்றிக்கொண்டிருந்தபோது வசந்தி வந்து பார்த்தாள்.

"ஏங்க, தட்டெல்லாம் வேண்டாங்க."

"ஏன் வேண்டாம்?"

"இந்து உங்ககிட்ட பேசினாளா இல்லையா?"

"பேசினா, பேசினா. இந்த ஓரத்தைப் பிடி, டேப்பு ஒட்டணும்."

வசந்தி ஓரத்தைப் பிடித்தாள். பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சில் காகிதம் கொஞ்சம் சுருங்கிவிட்டது.

5

ஞாயிறன்று காரில் நான் வேட்டி சட்டை, வசந்தி பட்டு, இந்து ஜீன்ஸ். மடியெல்லாம் தட்டு. நான் ஓட்டிக்கொண்டே வாய்விட்டுப் பாடிப் பார்த்தேன்.

"அப்பா, ஒரு நிமிஷம் காரை ஓரமா நிறுத்து."

"பின்னால டிராக்டர் வருதும்மா."

"அது போகட்டும், நீ நிறுத்து."

"நிறுத்தினா மூணாவது அடி மறந்துபோயிரும்!"

பின் சீட்டில் அம்மாவும் மகளும் ஏதோ குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். "நீயே சொல்லு", "நீதானே சொல்றேன்னே" என்று காதில் விழுந்தது. பாட்டின் மூன்றாவது அடியைச் சத்தமாக எடுத்தேன்.

ஓவனின் அப்பா ஷேமஸ் வாசலில் நின்றார். முறம் மாதிரிக் கை. தேங்காய்த் தட்டை வாங்கிக்கொண்டு, தேங்காயை மட்டும் எடுத்து, கன்றுக்குட்டியைத் தூக்கி எடை பார்ப்பது போலப் பார்த்தார். "ரொம்ப நன்றி. இதை எப்படித் திறக்கணும்?" என்றார். மைரேட் வெற்றிலைக் கட்டை அப்படியே ஒரு பூச்சாடியில் தண்ணீர் ஊற்றிச் செருகி ஜன்னலில் வைத்தார். அழகாகத்தான் இருந்தது. புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு, "இவ்வளவு பெரிய மனசா உங்களுக்கு! இந்த நாள்ல போய்!" என்று என்னைக் கட்டிப்பிடித்தார். முதல் சுற்றில் தேறிவிட்டோம் என்று வசந்தியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

மேஜையில் பெரிய கேக். மேலே சர்க்கரையில் ஒரு மிருகம் செய்து வைத்திருந்தார்கள். பால்பண்ணை வீடு, மாடு செய்யப் பார்த்திருக்கிறார்கள், பாவம், முன்னங்கால் சின்னதாகப் போய்விட்டது, நிமிர்ந்து வேறு நிற்கிறது. "மாடு ரொம்ப நல்லா வந்திருக்கு" என்று மைரேட்டிடம் சொன்னேன். அவர் ஓவனைப் பார்த்தார். ஓவன் ரசம் குடிக்காமலேயே காது சிவந்தான்.

கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். நான் அவசரமாகப் போய்க் கணப்படுப்புக்கு எதிர்ப்பக்கம், கதவிடுக்கில் இருந்த நாற்காலியைப் பிடித்தேன். காரணம் இருக்கிறது. நம் பக்கம் வாய்க்காலில் தண்ணீர் விட்டால் வாய்மடைக்காரன் வயல் முதலில் நிறையும். அவன் நிறைத்து, அடுத்தவன் நிறைத்து, கடைமடைக்கு வருவதற்குள் மதகு அடைத்துவிடுவார்கள். எங்கள் வயல் கடைமடை. எனக்கு அது பிறந்ததிலிருந்தே பாடம். ஷேமஸ் உட்கார்ந்த இடம் வாய்மடை, நான் இருந்தது கடைமடை. பாட்டு இங்கே வருவதற்குள் சாப்பாட்டு நேரம் ஆகிவிடும், கிட்டார் தூக்கி வந்த மரியாதையே போதும் என்று விட்டுவிடுவார்கள்.

டெக்லன் சொன்னதை மறந்தேபோனேன். இது வாய்க்கால் இல்லை. யார் வேண்டுமானாலும் யாரை வேண்டுமானாலும் கூப்பிடலாம்.

ஷேமஸின் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு நீளமான பாட்டு ஒன்று பாடினார். நடு நடுவே மற்றவர்கள் "நல்லா இருக்கு!", "விடாதே!" என்று குரல் கொடுத்தார்கள். நம் கச்சேரியில் முன்வரிசை மாமாக்கள் போடும் "பலே" மாதிரியே. முடித்துவிட்டு அவர் ஷேமஸைக் கூப்பிட்டார். ஷேமஸ் சின்னதாக ஒன்று பாடினார். பாடி முடித்து, கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்து, நேராகக் கதவிடுக்குக்குக் கை நீட்டினார்.

"இந்துவோட அப்பா."

6

கிட்டாரை எடுத்தேன். கம்பி மீட்டக் கையில் வைத்திருந்த பிளாஸ்டிக் வில்லை நழுவி, சரியாகக் கிட்டாரின் வயிற்று ஓட்டைக்குள் விழுந்தது. தலைகீழாகப் பிடித்து உலுக்கினேன். வரவில்லை. குலுக்கினேன். உள்ளே கலகலவென்று ஓடியது. இருபது பேர் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரியவர், இது இந்தியாவின் தாள வாத்தியம் போலும் என்று மெதுவாகத் தலையாட்டத் தொடங்கினார்.

கட்டைவிரலே துணை என்று ஆரம்பித்தேன். ஜி. நல்லபடியாக வந்தது. சி. வந்த மாதிரி இருந்தது. பயத்தில் ஓடத்தான் பார்த்தேன்; ஆனால் கட்டைவிரல் வலித்ததால் ஓட முடியவில்லை. அதனால் முதல்தடவையாகப் பாட்டுக்குப் பின்னாலேயே போனேன்.

முதல் அடி முடிந்தது. யாரும் "பலே" சொல்லவில்லை. இரண்டாவது அடியில், கப்பல் கிளம்பும் இடத்தில், மைரேட் நான் கொடுத்த பட்டுப்புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். சரி, தேறுகிறோம். மூன்றாவது அடியில் அப்பன் கரையில் நிற்கும்போது ஓவன் எழுந்து சமையலறைக்குப் போனான். ஷேமஸ் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வில்லைச் சத்தத்துக்குத் தலையாட்டிய பெரியவர் இப்போது ஆட்டவில்லை. வசந்தி அழுதாள். இந்து முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

முதல் வகுப்பில் பாஸ், தங்கப் பதக்கத்தோடு என்று எனக்குள் ஒரு குரல் கத்தியது. கடைசி வரியை இரண்டு தடவை பாடினேன்.

ஷேமஸ் எழுந்து வந்தார். என்னை எழுப்பிக் கட்டிக்கொண்டார். கிட்டாருக்கு உள்ளே வில்லை ஓடியது.

"எங்க யாருக்கும் இன்னைக்கு அந்தப் பாட்டைப் பாட மனசு வரலை. நீங்க பாடிட்டீங்க" என்றார். "பெர்த் ரொம்ப தூரம். ஆனா ரெண்டு பேரும் சேர்ந்து போறாங்களே, அது ஒரு ஆறுதல், இல்லையா?"

"பெர்த்தா?" என்றேன்.

கேக்கைப் பார்த்தேன். அது மாடு இல்லை.

"ரெண்டு தடவை சொல்ல வந்தேன்ப்பா" என்றாள் இந்து. "ஆஸ்திரேலியால எனக்கு ஆஸ்பத்திரில வேலை கெடச்சிருக்கு. ஓவனுக்கும் ஒரு வேலை. ரெண்டு வருஷம்."

"எப்ப கிளம்புறீங்க?"

"செவ்வாய்க்கிழமை."

"இந்தச் செவ்வாயா?"

"ம்."

நான் வசந்தியைப் பார்த்தேன். "உனக்குத் தெரியுமா?"

"மூணு வாரமாத் தெரியும். சொல்லலாம்னா நீங்க அந்தக் கிட்டாரைக் கீழ வெச்சாத்தானே!"

வாய் சும்மா இருக்குமா? "அப்போ கல்யாணம்?" என்று கேட்டுவிட்டேன்.

ஷேமஸ் ஏழு தட்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பூச்சாடியில் வெற்றிலையைப் பார்த்தார். மைரேட்டின் தோளில் புடவையைப் பார்த்தார். என் வேட்டியைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது என்று எனக்கு விளங்கியது. முதலில் அவருடைய தோள்தான் குலுங்கியது. அப்புறம் அவர் அண்ணன். அப்புறம் இந்து, அழுதுகொண்டே. கடைசியாக வசந்தி சிரித்தாள் பாருங்கள், கீழ்வேளூரில் கேட்டிருக்கும்.

ஷேமஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "முறைப்படி அடுத்த ஆளை நீங்கதான் கூப்பிடணும்" என்றார்.

சமையலறைக் கதவில் நின்றிருந்த ஓவனைக் கூப்பிட்டேன். மாட்டேன் என்று சொல்ல வழியில்லை அல்லவா? பாடினான். சுமாராகத்தான் பாடினான். நான் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

7

நடந்தது இதுதான். என்னை யாரும் சோதிக்கவில்லை. அது சம்பந்தம் பேசக் கூடிய கூட்டமே இல்லை. பிள்ளைகள் கடல் தாண்டிப் போவதற்கு முன்னால் வீட்டில் கூடிப் பாடி வழியனுப்புவது இந்த ஊர்ப் பழக்கம், அதற்குத்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் இரண்டு குடும்பமும் இரண்டு காரில் டப்ளின் விமான நிலையம் போனோம். பெட்டி ஒரு கிலோ அதிகம் இருந்தது. சாம்பார்ப் பொடியை எடுத்து வெளியே வைத்தார்கள். கல்யாணத்தைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பத்தரை மணிக்கு இந்து உள்ளே போனாள்.